கம்ப்யூட்டர் கூலர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



நமது கடைக்கு வருகிற வாடிக்கையாளர் துவரம் பருப்பு வாங்குவதாக இருந்தால் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். நாமும் மொத்தக் கொள்முதலில் சாக்கைக் குத்தி மாதிரி பார்க்காமல் விலை பேசுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சாமான் என்று வந்துவிட்டால் மட்டும், எதிரே இருப்பவர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பில் போடும் கம்ப்யூட்டர் இன்று கல்லாவுக்கு இணையான பொருளாகிவிட்டது. ஆகவே இந்தப் பழக்கத்தை நாம் மாற்றிக்கொள்வது நல்லது.

கோடை வந்தால் நம்மவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. காலையில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் பிற்பகலில் மந்தமாகிறது; விசிறி இரைகிறது; கூட்டம் நிற்கும் நேரம் பார்த்துத் தானாகவே அணைந்துவிடுகிறது. கூலரை மாற்ற வேண்டும் என்பார் ஒருவர். கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்பார் இன்னொருவர். எது சரி, கூலர்தான் என்றால் எந்தக் கூலர், எவ்வளவு செலவில் என்பதை இங்கே பார்ப்போம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்ற பழமொழிதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

சூடு ஏன் வருகிறது?

கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பகுதிக்குப் பிராசஸர் என்று பெயர். அது செலவழிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகவே வெளிவருகிறது. 386 என்ற பழைய பிராசஸர் விசிறி இல்லாமலே ஓடியது. 2004-ஆம் ஆண்டு வாக்கில் வந்த பென்டியம் 4 வகைகளில் சில 115 வாட் வரை சூடு தந்தன. அரிசி மூட்டைச் சிட்டை அளவே உள்ள ஓர் இடத்தில் ஒரு பெரிய குண்டு பல்பின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டை எடுத்துக் காற்றில் கலந்துவிடுவதற்காகப் பிராசஸர் மேல் வைக்கப்படும் உலோகத் தகடுகளும் விசிறியும் சேர்ந்ததுதான் கூலர்.

பிராசஸரின் சூடு ஓர் எல்லையைத் தொட்டால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றில் இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். பிற்பகல் மந்தத்துக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. அதற்கு மேலும் சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பிராசஸர் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பதிவாகிக்கொண்டிருந்த கணக்குக் கோப்பு பழுதாகலாம். நமக்கு உண்மையான நஷ்டம் அதுதான்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

மளிகைக் கடையின் காற்று மற்ற கடைகளின் காற்றைப் போன்றதல்ல. மாவுத் தூள், மிளகாய்த் தூள், சணல் சாக்கின் நார் எல்லாம் அதில் மிதக்கின்றன. விசிறி இவற்றை இழுத்துத் தகடுகளுக்கு இடையே அடைத்துவிடுகிறது. அடைபட்ட தகட்டின் மேல் எந்த விசிறி சுழன்றும் பயனில்லை.

எங்கள் மண்டியில் பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்று கோடையில் தொடர்ந்து அணைந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த பழுது நீக்குபவர், மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கணக்கப்பிள்ளை பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தார். தகடுகளின் மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி போல் தூசி படிந்திருந்தது. கூலரைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று கழன்றும் இருந்தது. தூசியை எடுத்து, ஊசியை அழுத்தி, பசை மாற்றினோம். அதே கம்ப்யூட்டர் இன்றும் பில் போடுகிறது.

ஆகவே முதலில் இவற்றைச் செய்யுங்கள்.

1. மின்சாரத்தையும் யு.பி.எஸ்.ஸையும் அணைத்து, இணைப்பை உருவிவிட்டு, உலர்ந்த தூரிகையால் தூசியை எடுக்கவும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளவும்.

2. கூலரை மெல்ல அசைத்துப் பார்க்கவும். ஆடினால் ஏதோ ஓர் ஊசியோ திருகோ கழன்றிருக்கிறது. ஆட்டோவில் ஏற்றி இறக்கிய கம்ப்யூட்டரில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

3. பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே உள்ள பசை ஆண்டுகள் ஆக ஆகக் காய்ந்து போகும். பழையதைத் துடைத்துப் புதிதாக வைக்கவும். செலவு மிகக் குறைவு.

4. கம்ப்யூட்டரைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி, மூட்டைகளிலிருந்து தள்ளி வைக்கவும். பின்பக்கம் சுவரோடு ஒட்டக் கூடாது.

இதன் பிறகு சூட்டை அளந்து பாருங்கள். கோர் டெம்ப், எச்.டபிள்யு. மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. கடையில் கூட்டம் உள்ள நேரத்தில், அதுவும் பிற்பகலில் பார்க்க வேண்டும். 80 டிகிரிக்குள் இருந்தால் கவலை வேண்டாம், கூலரும் வேண்டாம். 90-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் புதிய கூலரைப் பற்றி யோசிக்கலாம். விசிறி தேய்ந்து கரகரவென்று சத்தம் போட்டாலும், பெட்டி இல்லாமல் தனியாக வாங்கிய பிராசஸருக்குக் கூலர் வராமல் இருந்தாலும் வாங்கத்தான் வேண்டும்.

நான்கு அளவுகள்

கூலர் வாங்குவதில் பார்க்க வேண்டியவை நான்கே. இந்த நான்கும் பொருந்தினால் மலிவான கூலரே போதும். ஒன்று பொருந்தாவிட்டாலும் விலை உயர்ந்த கூலர் கூடப் பயன்படாது.

முதல் அளவு: சாக்கெட். பிராசஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். கூலரைப் பொருத்தும் துளைகள் அதைச் சுற்றி இருக்கும். இன்டெல் வகையில் எல்ஜிஏ 1155, 1150, 1151, 1200 ஆகிய நான்கிலும் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர்தான். ஆகவே இன்டெல் கோர் வரிசையில் இரண்டாம் தலைமுறை முதல் பதினோராம் தலைமுறை வரை, நமது கடைகளில் உள்ள சாதாரண மேசைக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே வகைக் கூலர் பொருந்தும். 2021-இல் பன்னிரண்டாம் தலைமுறையோடு வந்த எல்ஜிஏ 1700-இல் இந்த இடைவெளி 78 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று பழையதை அழுத்தி மாட்டக் கூடாது. ஏ.எம்.டி. ரைசன் வகையில் 2017 முதல் ஏஎம்4, 2022 முதல் ஏஎம்5. ஏஎம்4-க்கு உரிய கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-க்கும் பொருந்தும். எதுவானாலும் கூலர் பெட்டியின் மேல் உங்கள் சாக்கெட்டின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். கடைக்காரரின் வாய்மொழி மட்டும் போதாது.

பெரிய நிறுவனங்கள் முழுதாகச் செய்து விற்கும் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் திருகுத் துளைகளும் விசிறியின் செருகியும் தனி வகையாக இருக்கும். அவற்றுக்கு வெளிக் கூலர் வாங்கினால் மாட்ட முடியாமல் போகலாம். அந்தந்த மாதிரிக்கு உரிய விசிறியைக் கேட்டு வாங்குவதே உத்தமம்.

இரண்டாம் அளவு: உயரம். இன்று மலிவாகக் கிடைக்கும் நல்ல கூலர்கள் கோபுரம் போல் நிற்பவை. உதாரணமாக, டீப்கூல் ஏஜி400 என்பது 150 மில்லிமீட்டர் உயரம். அதே நிறுவனத்தின் ஏகே400 155 மில்லிமீட்டர். தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 ரீஃபைன்ட் எஸ்இ 148 மில்லிமீட்டர். நமது கடைகளில் மேசைக்கு அடியில் இருக்கும் ஒல்லியான பெட்டிகள் பலவற்றில் இந்த உயரம் அடங்காது. பக்க மூடி மூடாது. பிராசஸரின் மேற்பரப்பிலிருந்து பக்க மூடி வரை ஸ்கேலால் அளந்து, அதில் ஐந்து மில்லிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். இடம் குறைவென்றால், மேலிருந்து கீழே காற்றடிக்கும் குட்டையான வகையை வாங்கவும். அதைத் துடைப்பதும் சுலபம்.

மூன்றாம் அளவு: வாட். இங்கேதான் கணக்குத் தெரிந்த வியாபாரிக்கு வேலை. பிராசஸரின் விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். இன்டெல் ஐ3-12100 என்றால் அடிப்படை 60 வாட், உச்சம் 89 வாட். ஐ5-12400 என்றால் அடிப்படை 65, உச்சம் 117. பில் போடும் வேலைக்கு உச்ச அளவு எப்போதாவது சில நொடிகள்தான் தேவைப்படும். ஆனால் அதே கம்ப்யூட்டரில் கேமராக் காட்சிகளும் நாள் முழுவதும் ஓடினால் உச்சத்தை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு வாட்டுக்குச் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதே கூலரின் தரம். கணக்குக்காக, பிராசஸரோடு வரும் சாதாரண அலுமினியக் கூலர் வாட்டுக்கு அரை டிகிரி ஏறவிடுகிறது என்று கொள்வோம். 65 வாட்டுக்கு 32 டிகிரி ஏறும். குளிரூட்டிய அறையில் 25-ஓடு 32 சேர்ந்து 57. தகர ஷெட்டில் பிற்பகல் 40 டிகிரியோடு சேர்ந்தால் 72. இதுவும் பரவாயில்லை. ஆனால் 117 வாட் என்றால் 58 டிகிரி ஏறி, 40-ஓடு சேர்ந்து 98 ஆகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் காற்று அறையைவிடச் சூடாகவே இருக்கும் என்பதையும் சேர்த்தால் எல்லையைத் தொட்டாயிற்று. வாட்டுக்கு 0.3 டிகிரி மட்டும் ஏறவிடும் நல்ல கூலரைப் போட்டால் 35 டிகிரிதான் ஏறும்; மொத்தம் 75. எங்கள் மண்டியின் மாடி அறையில், கணக்கும் கேமராவும் சேர்ந்து ஓடும் கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கோபுரக் கூலர் வாங்கினோம். கீழே பில் மட்டும் போடும் கம்ப்யூட்டருக்கு வாங்கவில்லை.

கூலர் பெட்டியில் 180 வாட், 220 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இதை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை கிடையாது. சாக்கோடு போட்ட எடையாகவே அதைக் கருதி, கழிவு போக நிகர எடை என்ன என்று பாருங்கள். உங்கள் பிராசஸரின் உச்ச வாட்டைப் போல ஒன்றரை மடங்கு போட்டிருந்தால் சரியாக இருக்கும்.

அடிப்பாகத்தில் இருந்து தகடுகளுக்குள் செல்லும் செப்புக் குழாய்களையும் எண்ணிப் பாருங்கள். இவை வெறும் செம்பு அல்ல. காற்றை எடுத்துவிட்டுச் சிறிதளவு நீர் வைத்து மூடிய குழாய்கள். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய், அங்கே மீண்டும் நீராகித் திரும்புகிறது. இட்லிப் பானையின் மூடியில் ஆவி படிந்து சொட்டுவது போலத்தான். 65 வாட் வகைக்கு இரண்டு குழாய் போதும். அதற்கு மேற்பட்ட வேலைக்கு நான்கு குழாய் போதும்.

நான்காம் அளவு: விசிறி. விசிறியின் வயரில் நான்கு துளைகள் உள்ள செருகி இருந்தால், சூட்டுக்குத் தக்கபடி வேகத்தை மதர்போர்டு ஏற்றி இறக்கும். அத்தகையதையே கேட்டு வாங்கவும். 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தரும், சத்தமும் குறையும். இடம் இருந்தால் பெரியதே நல்லது. விசிறியைக் கம்பிக் கொக்கியால் மாட்டியிருக்கும் வகையில், நாளைக்கு விசிறி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தூசி நிறைந்த கடைகளில் முதலில் போவது விசிறிதான். ஆகையால் இது சிறிய விஷயம் அல்ல.

வேண்டாதவை

வண்ண விளக்குகள் சூட்டைக் குறைப்பதில்லை. விலையை மட்டும் கூட்டுகின்றன. தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் வகை மிக அதிக வாட் உள்ள பிராசஸர்களுக்கு உரியது. அதில் பம்பு என்ற இன்னொரு சுழலும் பாகம் உண்டு. அது நின்றால் எல்லாம் நிற்கும். மளிகைக் கடைக்கு அது தேவையே இல்லை.

விலையும் பில்லும்

விலை கடைக்குக் கடை மாறும். பொதுவாக, பழைய இன்டெல் வகைகளுக்கான சாதாரணக் கூலர் சில நூறு ரூபாயிலும், நான்கு குழாயும் 120 மில்லிமீட்டர் விசிறியும் உள்ள கோபுர வகை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டியும் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்க நமக்குக் காரணம் இல்லை. மேலே சில பெயர்களைக் குறிப்பிட்டது அளவு காட்டுவதற்கே. எந்த நிறுவனத்துக்கும் சிபாரிசு அல்ல.

பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கக் கூடாது. பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் கேட்க வழியில்லை. மேலும், கூலருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2,000 ரூபாய்ப் பொருளுக்கு 360 ரூபாய் வரி. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துப் பில் வாங்கினால், சாதாரண முறையில் பதிவு செய்தவர்கள் இதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். வரியில்லாத சரக்கும் சேர்த்து விற்பவர்களுக்கு விகிதப்படிதான் கிடைக்கும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கும் உத்தரவாதத்துக்காகப் பில் அவசியம்.

செலவுக்கு முன் இன்னொரு கேள்வியும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும், மிகச் சில நீங்கலாக, விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை அல்ல. அப்படிப்பட்ட பழைய கம்ப்யூட்டருக்கு இரண்டாயிரம் ரூபாய்க் கூலர் என்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமை கூலி முக்கால் பணம் என்ற கதைதான். தூசி தட்டி, பசை மாற்றி, தேவையானால் சில நூறு ரூபாய்க் கூலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைப் புதிய கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வையுங்கள். புதிய கம்ப்யூட்டருக்கு வாங்கும் நல்ல கூலரோ, அடுத்த கம்ப்யூட்டருக்கும் உரிய பிடிகள் கிடைத்தால் கூடவே வரும்.

மாட்டும்போது

கூலரின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை முதலில் உரிக்க வேண்டும். உரிக்காமல் மாட்டிவிட்டுக் கூலரைக் குறை சொல்பவர்கள் உண்டு. பசையைப் பிராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். அழுத்தும்போது தானே பரவும். கூலரிலேயே பசை தடவி வந்திருந்தால் தனியாக வைக்க வேண்டாம். திருகுகளை லாரிச் சக்கர நட்டு முடுக்குவது போல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவும்.

ஏஎம்4 சாக்கெட்டில் பழைய கூலரை நேராக மேலே இழுக்கக் கூடாது. காய்ந்த பசையில் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து, அதன் மெல்லிய கால்கள் வளைந்துவிடும். சிறிது நேரம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகி விடுவித்த பிறகே தூக்க வேண்டும். கோபுரக் கூலரின் விசிறி பெட்டியின் பின்பக்கத்தை நோக்கிக் காற்றைத் தள்ளும்படி இருக்க வேண்டும்.

முடிவாக

நம்மிடம் வருகிறவர்கள் வீட்டிலிருந்தே மளிகைச் சீட்டு எழுதி எடுத்து வருகிறார்கள். சீட்டோடு வருகிறவர் தேவையில்லாததை வாங்குவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததே. கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போது நாமும் ஒரு சீட்டு எழுதிக்கொள்வோம். பிராசஸரின் பெயர், சாக்கெட், உச்ச வாட், பெட்டிக்குள் உள்ள உயரம், கடையின் ஜி.எஸ்.டி. எண். இந்த ஐந்து வரிகள் போதும்.

ஆயுத பூசைக்குத் தராசையும் படிக்கல்லையும் துடைத்து வைக்கிறோம். அன்றைக்கே கம்ப்யூட்டரின் பக்க மூடியையும் கழற்றித் தூசியை எடுத்துவிடுங்கள். தீபாவளிக் கூட்டம் வருவதற்குச் சரியான நேரம் அதுதான். மாவும் மிளகாய்த் தூளும் அதிகம் புழங்கும் கடைகளில் சித்திரைக்கு முன்பும் ஒரு முறை செய்வது நல்லது.